எடுத்த பணியை முடித்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

சித்தன்னவாசல் ஓவியங்களையும் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளையும் கண்டு வணங்கச் செல்லும் நம் குடும்பத்தினர் பெரும்பாலும் புதுக்கோட்டை நகரில் இறங்கித்தான் செல்கின்றனர். மலையைக் கண்டு திரும்பும் அவசரத்தில் அந்நகரை நாம் ஊன்றிப் பார்ப்பதில்லை. அந்த நகரில் பிறந்து, மருத்துவம் பயின்று, சட்டமன்றத்தில் அமர்ந்து, ஆதரவற்ற பெண்களுக்கு ஓர் இல்லமும் புற்றுநோயாளருக்கு ஒரு மருத்துவமனையும் நிறுவிச் சென்ற பெண்மணி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவார்.

அம்மையாரைப் பற்றி எழுதுவோர் பலரும் அவர் எதிலெதில் முதற்பெண்ணாக விளங்கினார் என்று பட்டியலிடுவது வழக்கம். அப்பட்டியல் பெருமைக்குரியதே. எனினும் நாம் கற்க வேண்டியது வேறொன்று உண்டு. நற்பணிகளைத் தொடங்குவோர் எக்காலத்தும் பலர், முடிப்போர் சிலர். அம்மையார் அச்சிலருள் ஒருவர். எடுத்த காரியத்தை இடைநில்லாமல் முடிப்பதற்கு அவரிடம் இருந்த பண்புகள் யாவை என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தனி அரசாக இருந்தது. தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கமுடைய குலத்தில் தோன்றியவர். இத்திருமணத்தினால் தந்தையார் தம் உறவினரின் விலக்கத்திற்கு ஆளானார். குலத்தின் பெயரால் மனிதர் ஒதுக்கப்படுவதன் வலியைக் குழந்தைப் பருவத்திலேயே தம் இல்லத்தில் கண்டவர் அம்மையார்.

இளமையில் அவர் உடல்நலம் குன்றியவர், பார்வையும் குறைவு. பெண் குழந்தைகளை வயது வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது அக்கால வழக்கம். அவ்வழக்கத்திற்கு அவரும் விலக்காகவில்லை. ஆயினும் படிப்பு நிற்கவில்லை. தந்தையார் வீட்டிலேயே பாடம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1902இல் தனித்தேர்வராக எழுதி மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் தேறினார்.

அடுத்துக் கல்லூரிப் படிப்பு. அதுவோ ஆண்கள் பயிலும் கல்லூரி. ஒரு பெண்ணைச் சேர்த்தால் ஒழுங்கு கெடும் என்று சிலர் தடுத்தனர். பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை நிறுத்திவிடப் போவதாகவும் கூறினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடைகளை ஒதுக்கிவிட்டு, அவரைச் சேர்த்துக்கொள்ள இசைவு தந்தார், உதவித்தொகையும் அளித்தார். திரையிட்ட வண்டியில் கல்லூரிக்குச் சென்று, பிற மாணவர் பார்வையிலிருந்து மறைந்து அமர்ந்து அம்மையார் பாடம் கேட்டார் என்பர். அவமதிப்பாகத் தோன்றக்கூடிய அந்த நிபந்தனையைப் பற்றி வாதிட்டுக் காலம் போக்காமல், கல்வி ஒன்றையே குறியாகக் கொண்டு படித்து முடித்தார். எதற்குப் போராட வேண்டும், எதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பகுத்தறிதல் காரியம் முடிப்பவர்க்கு இன்றியமையாத குணம். அஃது அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தது.

மருத்துவப் படிப்பும் இல்லறமும்

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பரிசுகள் பல பெற்று, 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றிய முதற்பெண்ணும் அவரே. மருத்துவம் பயின்ற இந்தியப் பெண்கள் கைவிரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த காலம் அது.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். இருவரும் சமமாக மதிக்கப்பட வேண்டும். தம் விருப்பத்திற்கும் பணிக்கும் குறுக்கே கணவர் நிற்கலாகாது என்பவற்றை அவர் திருமணத்திற்கு முன்பே தெளிவாகக் கூறிவிட்டார். சுந்தர ரெட்டியாரும் அதனை மனமுவந்து ஏற்று, இறுதிவரை காத்தார். பெரும்பணியில் இறங்குவோர் தம் வீட்டாரின் உடன்பாட்டை முதலிலேயே பெறாமையால் பாதிவழியில் தளர்ந்துபோவதை நாம் காண்கிறோம். அம்மையார் அந்த அடித்தளத்தைத் தொடக்கத்திலேயே உறுதியாக இட்டுக்கொண்டார்.

1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட் அம்மையார், மார்கரெட் கசின்ஸ் அம்மையார் முதலியோருடன் முத்துலட்சுமி அம்மையாரும் அதன் பணிகளில் ஈடுபட்டார். 1925இல் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் ஆராய்வதற்காக இங்கிலாந்து சென்றார். 1926இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற அனைத்துலக மாதர் மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்துகொண்டார்.

சட்டமன்றத்தில்

அவர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய பின், 1926இன் இறுதியில் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார். அம்மன்றத்தில் அமர்ந்த முதற்பெண் அவரே. 1927இல் அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல், பெண்கல்வி முதலிய பொருள்களைப் பற்றி அவர் மன்றத்தில் எடுத்துரைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரே முறையைக் கையாண்டார். முதலில் உண்மை நிலையை நேரில் கண்டும் கேட்டும் அறிவார். பிற நாடுகளிலும் பிற சமஸ்தானங்களிலும் என்ன செய்யப்பட்டது என்று கற்பார். அதன் பின்னரே தீர்மானம் கொணர்வார். ஆதலின் அவரை மறுப்போர் கூட அவருக்குப் பொருள் தெரியாது என்று கூற இயலவில்லை.

1928-29இல், சர் பிலிப் ஹார்டாக் தலைமையில் இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த குழுவில் அம்மையார் ஒருவரே பெண் உறுப்பினர். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் அக்குழுவை அறிவர். விரயம், தேக்கம் என்னும் இரு சொற்களை நமக்குத் தந்த அறிக்கை அதுவே. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைகள் 100 பேர் எனின், 1925-26இல் நான்காம் வகுப்பில் பயின்றவர் 18 பேரே என்று அக்குழு காட்டியது. பள்ளியில் சேர்த்தல் போதாது. எழுத்தறிவு நிலைக்கும் வரை தங்கச் செய்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். தொடங்கி நின்றுபோவது எத்துணைப் பெரிய இழப்பு என்பதை நாடு முழுமைக்கும் கணக்கிட்டுக் கூறிய அக்குழுவில் இடம்பெற்ற அம்மையார், தம் சொந்தப் பணிகளிலும் அதனை மறவாதவராகவே வாழ்ந்தார்.

வாழ்வாதாரம் முதலில், தடை பின்னர்

அம்மையாரின் சட்டப் பணிகளுள் தலையாயது, சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் எடுத்த முயற்சியாகும். 1927இல் இதற்கான தீர்மானத்தை மன்றத்தில் கொணர்ந்தார். எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் எழுந்தது. சமய வழக்கத்தில் அரசு தலையிடலாகாது என்றனர் சிலர். சத்தியமூர்த்தி போன்ற புகழ்பெற்ற தலைவர்களும் எதிர்த்தனர். அக்குலப் பெண்களுள் ஒரு பகுதியினரே தம் உரிமையும் கலையும் பிழைப்பும் பறிபோகும் என்று அஞ்சி அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர்.

இவ்விடத்தில் அம்மையார் மேற்கொண்ட வழி நுட்பமானது. கோயிற் பணிக்கு ஈடாக அப்பெண்களின் குடும்பங்கள் மானிய நிலங்களை அனுபவித்து வந்தன. பணியை விட்டால் நிலம் போய்விடும். நிலம் போய்விடும் என்ற அச்சத்தினாலேயே தாயர் தம் மகளிரை மீண்டும் மீண்டும் அவ்வழக்கத்தில் ஈடுபடுத்தினர். ஆகவே அம்மையார் தடைச் சட்டத்திற்கு முன்னர் நிலத்தைப் பற்றிய சட்டத்தைக் கொணர்ந்தார். இந்து அறநிலையச் சட்டத்திற்கு 1929இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கோயிற் பணியிலிருந்து விடுபட்ட பின்னும் அப்பெண்கள் அந்நிலங்களைத் தமக்கே உரியனவாக வைத்துக்கொள்ளலாயினர். ஒரு தீய வழக்கத்தை நீக்க வேண்டுமாயின், அதனால் பிழைப்போர் நீக்கத்திற்குப் பின் எவ்வாறு பிழைப்பர் என்பதை முதலில் எண்ண வேண்டும். இஃது அறத்தின் வழி மட்டுமன்று, வெற்றியின் வழியுமாகும்.

அதன் பின்னரே, 1930இல், பொட்டுக் கட்டுதலைத் தடை செய்யும் மசோதாவை முன்வைத்தார். ஆனால் அவ்வாண்டு மே மாதம் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் தம் பதவியை உடனே துறந்தார். தாம் கொணர்ந்த மசோதா நிறைவேறும் வரையிலாவது பதவியில் நீடிக்கலாம் என்று எண்ணுவது மனித இயல்பு. அவர் அவ்வாறு எண்ணவில்லை. மனச்சான்றுக்கு மாறாகப் பெறும் வெற்றியை அவர் விரும்பவில்லை.

பதவியைத் துறந்தாரே அன்றிப் பணியைத் துறக்கவில்லை. எழுதியும் பேசியும் மாநாடுகளைக் கூட்டியும் பொதுமக்கள் கருத்தை உருவாக்கி வந்தார். பதினேழு ஆண்டுகள் கழிந்து, 1947இல் சென்னை மாகாணத்தில் அத்தடைச் சட்டம் நிறைவேறியது. அப்போது அவர் சட்டமன்றத்தில் இல்லை. தாம் நட்ட மரத்தின் கனியைப் பிறர் கொய்த போதும் அதற்காக மகிழ்வது தலைமைப் பண்புகளுள் அரியது.

எல்லாவற்றிலும் அவர் கருத்தே முழுமையானது என்று கூற வேண்டுவதில்லை. சதிர் ஆட்டத்தைப் பற்றி 1932இல் அவருக்கும் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் இடையே பத்திரிகைகளில் நடந்த விவாதம் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. வழக்கத்தின் தீமையை எதிர்த்த வேகத்தில், அக்குலத்துப் பெண்கள் வழிவழியாகக் காத்த ஆடற்கலையின் அருமையை அம்மையார் போதிய அளவு உணரவில்லை என்று கூறுவோர் இன்றும் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. பெரியோரின் வாழ்வைப் படிக்கும்போது இதனையும் மறையாமல் எண்ணிப் பார்த்தல் நமக்கு நன்மையே தரும்.

ஔவை இல்லம்

1930இல், பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிக் கல்வி கற்க விரும்பிய இளம்பெண்கள் சிலர் அம்மையாரின் வீட்டை நாடி வந்தனர். குலத்தைக் காரணம் காட்டி விடுதிகளில் அவர்களைச் சேர்க்க மறுத்தனர். சட்டத்தை எழுதுவோரிடம் ஒரு சிறுமி வந்து, இன்றிரவு நான் எங்கே தங்குவது என்று கேட்டால் அதற்கு எந்தச் சட்டமும் விடை கூறாது. அம்மையார் கட்டடமும் நிதியும் சேரட்டும் என்று காத்திராமல், தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் தந்தார். ஔவை இல்லம் இவ்வாறுதான் பிறந்தது.

பின்னர் அவ்வில்லம் அடையாற்றில் சொந்த இடம் பெற்று வளர்ந்தது. ஆதரவற்ற சிறுமியர் எக்குலத்தவராயினும் அங்கு உண்டு, உறங்கி, படித்தனர். தம் காலில் நிற்பதற்குரிய கல்வியைப் பெற்றனர். சிறிய அளவில் உடனே தொடங்குதல், தொடங்கியதை ஒரு நாளும் நிறுத்தாமல் நடத்துதல் என்னும் இரண்டும் அங்கே ஒருங்கே அமைந்தன. அம்மையார் மறைந்து பல பத்தாண்டுகள் சென்ற பின்னும் அவ்வில்லம் சிறுமியருக்குக் கல்வி தந்து வருகிறது.

முப்பத்தோராண்டு முயற்சி

1923இல் அம்மையாரின் அருமைத் தங்கை சுந்தராம்பாள் மலக்குடலில் தோன்றிய புற்றுநோயால் மறைந்தார். தொடக்கத்தில் அதனைச் சீதபேதி என்று தவறாகக் கருதி மருத்துவம் செய்தனர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவரான தமக்கையின் கண் முன்னேயே அவ்வுயிர் பிரிந்தது. அத்துயரம் அவர் உள்ளத்தில் ஓர் உறுதியாக மாறியது.

அவ்வுறுதி செயலாவதற்கு எத்தனை ஆண்டுகள் சென்றன என்பதை வாசகர்கள் கருத்தூன்றிக் காண வேண்டும். 1925இல் இங்கிலாந்து சென்றபோது புற்றுநோய் மருத்துவத்தைப் பற்றியும் கற்றார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசுகையில், சென்னையில் புற்றுநோய்க்கென ஒரு தனி மருத்துவமனை வேண்டும் என்று முதன்முறையாகப் பொதுமேடையில் வேண்டுகோள் விடுத்தார். பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941இல் தோன்றியது. ஆனால் தென்னாட்டில் ஏதும் அசையவில்லை. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கப் போகிறவர்தாமே, அவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்னும் எண்ணமே அக்காலத்தில் அதிகாரத்தில் இருந்தோரிடமும் நிலவியது.

அம்மையார் அவ்வெண்ணத்தோடு சொற்போர் மட்டும் நிகழ்த்திக்கொண்டிருக்கவில்லை. மருத்துவமனை ஒரு நாள் வரும். அன்று அதனை நடத்த ஆள் வேண்டும் என்று கருதித் தம் மகன் கிருஷ்ணமூர்த்தியை அத்துறையில் ஈடுபடுத்தி, வெளிநாட்டில் பயிற்சி பெறச் செய்தார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கி, சிறுகச் சிறுகப் பொருள் திரட்டினார். 1952ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையாருக்கு அப்போது வயது 68ஐ எட்டிக்கொண்டிருந்தது.

சிறிய கட்டடம், குறைந்த கருவிகள், மிகச் சில மருத்துவர் என்ற நிலையில் தொடங்கிய அந்நிலையத்தில் 1955இல் இளம் மருத்துவரான சாந்தா அம்மையார் வந்து சேர்ந்தார். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் தம் வாழ்நாள் முழுவதையும் அப்பணிக்கே ஒப்படைத்தனர். சில ஆண்டுகளிலேயே கோபால்ட் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி நிறுவப்பட்டு, நாட்டிற்கே வழிகாட்டும் நிலையமாக அது உயர்ந்தது. ஏழை எளியவர்க்குக் கட்டணமின்றியும் குறைந்த கட்டணத்திலும் மருத்துவம் செய்யும் நெறி இன்றும் அங்கு நின்று நிலவுகிறது. டாக்டர் சாந்தா 2005இல் மகசேசே விருது பெற்றார். 2021 ஜனவரியில் மறையும் வரை அந்நிலையத்திலேயே வாழ்ந்து தொண்டாற்றினார். நிறுவியவர் மறைந்த பின்னும் பணி அரை நூற்றாண்டுக்கு மேல் தளராமல் நடந்தது என்றால், அதற்கு வித்திட்டவர், தமக்குப் பின் வருவோரைக் காலத்தே ஆயத்தம் செய்த அம்மையாரே.

1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், தம் 82ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், அம்மையார் இயற்கை எய்தினார். தமிழக அரசு ஏழைத் தாய்மார்க்கு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் கொள்ள வேண்டியவை

அம்மையாரின் வாழ்க்கையிலிருந்து நான்கு பண்புகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். பேசுவதற்கு முன் கற்றல் முதலாவது. மாற்றத்தினால் இழப்போரை முதலில் எண்ணி அவர்க்கு வழிசெய்தல் இரண்டாவது. பதவி போயினும் பணியை விடாமை மூன்றாவது. தமக்குப் பின் அப்பணியை ஏற்போரை முன்னரே உருவாக்குதல் நான்காவது. இவற்றுள் எதுவும் பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்க்கும் அருங்குணம் அன்று. பார்வைக் குறைவும் உடல் நலிவும் உடைய ஒரு சிறுமி, திரைக்குப் பின் அமர்ந்து பாடம் கேட்டவர், பயின்று பயின்று பெற்றவையே இவை.

நம் ஊர்களிலும் ஆலயத் திருப்பணி, பாடசாலை, மாணவர் உதவிநிதி எனப் பல பணிகளை ஆர்வத்துடன் தொடங்குகிறோம். முதல் ஆண்டுக் கூட்டத்தில் இடம் கொள்ளாமல் நிறைந்திருக்கும் மண்டபம், மூன்றாம் ஆண்டில் நான்கைந்து பேரோடு நின்றுவிடுவதும் உண்டு. பொருள் இல்லை, ஆள் இல்லை, ஒத்துழைப்பு இல்லை என்று காரணம் கூறுகிறோம். அம்மையாருக்கும் இவை இருக்கவில்லை. 12 படுக்கைகளுக்காக 31 ஆண்டுகள் காத்திருக்கும் பொறுமை இருந்தது. காத்திருந்த ஒவ்வோர் ஆண்டிலும் ஒரு சிறு படியேனும் ஏறும் முயற்சியும் இருந்தது.

அடுத்த முறை சித்தன்னவாசலுக்குச் செல்லும் நம் இளைஞர்கள், புதுக்கோட்டையில் சிறிது நேரம் நின்று, அந்நகரின் கல்லூரியில் முதன்முதலாக அடியெடுத்து வைத்த அப்பெண்ணை நினைத்துக்கொள்ளட்டும். வீடு திரும்பியதும், தாம் தொடங்கிப் பாதியில் விட்ட பணி ஏதேனும் உண்டா என்று எண்ணிப் பார்த்து, அதனை மீண்டும் கையில் எடுக்கட்டும். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.

வாழ்க அம்மையார் புகழ்! வளர்க அவர் வளர்த்த அறம்!